பழைய டூரிங் பைக்கில் ரேடியோ: முதலில் கரண்ட் கணக்கு

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த டூரிங் பைக்குகளில் பேர்போனது ஹோண்டாவின் கோல்ட் விங். புதியதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் 1990களில் விற்பனையான ஹோண்டா ஜிஎல்1500 (கோல்ட் விங்கின் பழைய மாடல்; ஜிஎல் என்று தொடங்குவதெல்லாம் கோல்ட் விங்தான்), எஸ்டி1100, அதற்குச் சற்றுப் பின்னால் வந்த பிஎம்டபிள்யூ ஆர்1150ஆர்டி, யமஹா எஃப்ஜேஆர்1300 எல்லாம் கைமாறிக் கைமாறி இப்போது கோலாலம்பூரில் நம் சக்திக்கு எட்டும் இடத்தில் நிற்கின்றன. வாங்கிய கையோடு அடுத்த ஆசை ரேடியோ. ஞாயிறு காலை காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் பக்கம் நாலைந்து பேராகப் போனால், முன்னால் போகிறவர் கடைசியில் வருகிறவரோடு பேச வேண்டும். தனியாகப் போனால் மின்னல் எஃப்எம் கேட்க வேண்டும். "அண்ணே, எந்த ரேடியோ நல்லது?" என்று கேட்கிறார்கள்.

ரேடியோவை அப்புறம் பார்க்கலாம். வண்டி எவ்வளவு கரண்ட் தயாரிக்கிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே செலவாகிறது, மிச்சம் எவ்வளவு என்பது தெரியாமல் எந்த ரேடியோவும் வாங்காதீர்கள். பழைய டூரிங் வண்டியில் "ரேடியோ சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ரேடியோவுக்கு வெளியே, சார்ஜிங்கிலோ வயரிலோ எர்த்திலோதான் போய் முடிகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு பத்தி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1215 என்றால் 2015ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஜிஎல்1500 வாங்கியவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செயினுக்குப் பதில் தண்டால் பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் வண்டிகளில் பின் டயரைக் கழற்றும்போதெல்லாம் ஸ்பிளைனுக்கு, அதாவது தண்டும் சக்கரமும் கோத்துக்கொள்ளும் பற்களுக்கு, மாலிப்டினம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்த வண்டியில்தான் ரேடியோ பேச்சு.

வரவும் செலவும்

கணக்கு ஒன்றே ஒன்றுதான்: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். எஞ்சின் சுழலும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தருவது மாதச் சம்பளம். பேட்டரி என்பது சேமிப்பு. சேமிப்பிலிருந்து கொஞ்ச நேரம் எடுத்துச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கு மேல் தொடர்ந்து செலவு போனால் ஒருநாள் கடைத்தெருவில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

ஜிஎல்1500இன் ஆல்டர்னேட்டர் 546 வாட், அதாவது ஏறக்குறைய 40 ஆம்பியர். அதற்கு முந்தைய ஜிஎல்1200இன் சாதாரண மாடல்களில் சுமார் 360 வாட்தான். ஆர்1150ஆர்டி 700 வாட் தரும். இந்த எண்களெல்லாம் எஞ்சின் நன்றாகச் சுழலும்போது கிடைப்பவை. ஜாலான் துன் ரசாக் நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது அதில் ஒரு பகுதிதான் வரும்.

இப்போது செலவு. கார்புரேட்டர் வைத்த ஒரு பழைய டூரிங் வண்டிக்குத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். இக்னிஷனும் பெட்ரோல் பம்ப்பும் சேர்ந்து 70 வாட். முகப்பு விளக்கு 60. மலேசியாவில் 1992 முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதால் இந்தச் செலவைக் குறைக்க வழியில்லை. பின் விளக்கு, மீட்டர் விளக்கு, ஓரத்து விளக்குகள் 40. ரேடியேட்டர் விசிறி ஓடினால் 70. பிரேக் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு பல்பும் சேர்ந்து 42. வண்டியோடு வந்த பாட்டுப் பெட்டிக்கு 30. மொத்தம் 312 வாட்.

546இல் 312 போனால் 234 வாட் மிச்சம். 50 வாட் ரேடியோ ஒன்று பேசும்போது 10, 11 ஆம்பியர் இழுக்கும். அதாவது 145 வாட் போல. இடம் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் முந்தைய உரிமையாளர் ஆசையாகப் போட்ட இரண்டு 55 வாட் ஃபாக் லைட்டுக்கு 110, போன் சார்ஜர்களுக்கு 36 என்று கழியுங்கள்: 88 வாட்தான் மிஞ்சும், ரேடியோவுக்குப் போதாது. அதே கணக்கை ஜிஎல்1200க்குப் போட்டால் ஃபாக் லைட்டைத் தொடுவதற்கு முன்பே 48 வாட்டுக்கு வந்துவிடுகிறது.

ரேடியோவில் எப்போதும் பேசிக்கொண்டே இருக்க மாட்டோமே என்று கேட்கலாம். நியாயம்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட ஆகாது. பேசும் நேரம் பயணத்தில் கொஞ்சம்தான். ஆனால் எஞ்சின் வேகம் குறைந்து, விசிறி ஓடி, பிரேக் விளக்கும் எரியும் நேரத்தில்தான் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று பேசத் தோன்றும். தைப்பூசத்துக்கு முந்தின இரவு பத்துமலை ரவுண்டானாவைச் சுற்றி ஊர்ந்துகொண்டு போகிறவருடைய வண்டி அரை மணி நேரத்துக்குச் சேமிப்பில் மட்டுமே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎல்1500 வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு: அதன் ரிவர்ஸ் ஓடுவது ஸ்டார்ட்டர் மோட்டாரில். நெரிசலில் காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு பார்க்கிங்கில் ரிவர்ஸ் போட்டால் வண்டி மனைவி பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்கும்.

மீட்டரை எடுங்கள்

ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். வோல்ட் மட்டும் சரியாகக் காட்டினால் வேலை முடிந்தது.

வண்டியை ராத்திரி நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் அநேகமாகக் காலி. அடுத்து ஸ்டார்ட்டரை அமுக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், சார்ஜ் நிறைந்திருந்தும் பேட்டரி கிழடாகிவிட்டது. நம் வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு, அதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை.

வண்டி ஓடும்போது ஐட்லிங்கில் ஒருமுறை, 3000 ஆர்பிஎம்மில் முகப்பு விளக்கை ஹை பீமில் வைத்து ஒருமுறை பாருங்கள். இரண்டாவது எண் 13.8க்கும் 14.5க்கும் நடுவே நிற்க வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் வரவு குறைவு. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதிக்கும், ரேடியோவும் சேர்ந்து போகும். புதிதாக வாங்கிய ரேடியோவை மாட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாதவர்தான் பிறகு கடைக்காரரோடு சண்டை போடுகிறார்.

இந்த எண்களை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே எண்களைப் பார்க்கும்போது எது இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்று மஞ்சள் வயர்

டூரிங் வண்டிகளில் கரண்ட் தயாரிப்பது இரண்டு வகை. ஜிஎல்1500, ஆர்1150ஆர்டி போன்றவற்றில் காரில் இருப்பது போன்ற தனி ஆல்டர்னேட்டர். அதைக் கழற்றி மாற்றலாம், வெளிநாட்டில் ஜிஎல்1500க்கு 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்கூட வந்தது. ஜிஎல்1200, எஃப்ஜேஆர்1300 போன்றவற்றில் எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டர். சுற்றிலும் காந்தம் சுழல, நடுவே இருக்கும் செப்புச் சுருள்களிலிருந்து மூன்று வயர் வெளியே வந்து ரெகுலேட்டருக்குப் போகும். ஹோண்டாவில் அவை மஞ்சள் நிறம்.

பழைய ஹோண்டாக்களில் அந்த மூன்று வயரும் சேரும் கனெக்டர் பேர்போன சனியன். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் வண்டியின் எல்லாக் கனெக்டரையும் புரிந்துகொண்ட மாதிரி. வயது ஆக ஆக உலோக முனை கறுக்கிறது, பிடி தளர்கிறது, அந்த இடத்தில் தடை ஏறுகிறது. தடை 0.05 ஓம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் போலத் தெரியும். ஆனால் வெப்பத்தின் கணக்கு ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்குவது. 20 ஆம்பியர் போனால் 400 பெருக்கல் 0.05, அதாவது 20 வாட். விரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்குள் 20 வாட் சூடு. பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, முனை இன்னும் தளர்ந்து, தடை இன்னும் ஏறும். கடைசியில் கருகிய வாடை மூக்கில் ஏறும்போதுதான் கவனிப்போம்.

ஆகவே இடது பக்கக் கவரைக் கழற்றி அந்தக் கனெக்டரைக் கண்ணால் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பாக இருந்தால், அதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயரையும் நேரடியாகச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடுவதுதான் கோல்ட் விங் வைத்திருப்பவர்கள் பல காலமாகச் செய்யும் வழி. மூன்றில் எந்த வயர் எதோடு சேர்ந்தாலும் பரவாயில்லை, மூன்றும் ஒன்றுபோலத்தான்.

வெட்டிய நேரத்திலேயே ஸ்டேட்டரையும் சோதித்துவிடலாம். எஞ்சின் அணைந்திருக்க, மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக ஓம் அளந்தால் மூன்று முறையும் ஒரே எண், ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொன்றையும் எஞ்சின் உலோகத்தோடு அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் சுருளின் காப்பு எரிந்து எர்த் ஆகிவிட்டது. ஜிஎல்1200இல் அது கெட்ட செய்தி, ஏனென்றால் ஸ்டேட்டர் இருப்பது எஞ்சினின் பின்புறம். எஞ்சினையே இறக்கித்தான் எடுக்க வேண்டும். பழைய கோல்ட் விங் வாங்கப் போகிறவர் விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

ஸ்டேட்டர் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. பழைய ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் ஷண்ட் வகை: தேவைக்கு மேல் வரும் கரண்டை எர்த்துக்குத் திருப்பிச் சூடாக்கித் தீர்த்துவிடும். அதனால் விளக்கையெல்லாம் எல்இடி ஆக்கினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பது தவறு. அது எப்போதும் முழு மூச்சாகத்தான் ஓடுகிறது. எல்இடியால் மிச்சமாவது ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் பயன்படும், அவ்வளவே. ஸ்டேட்டரின் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் தேவைக்கு மேல் கரண்டை எடுக்காமல் விட்டுவிடும் சீரிஸ் வகை ரெகுலேட்டர் போட வேண்டும். ரெகுலேட்டர் எந்த வகையானாலும் காற்றுப் படும் இடத்தில் இருக்கட்டும்.

ரேடியோவுக்குத் தனி வயர்

பாட்டுப் பெட்டிக்குப் போகும் வயரிலிருந்தே கிளை எடுத்து ரேடியோவை ஓட்டலாம் என்பது பட்டறைகளில் கேட்கும் முதல் யோசனை. வேண்டாம். மெல்லிய வயரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.034 ஓம். பேட்டரியிலிருந்து ரேடியோ இரண்டு மீட்டர் தள்ளி. போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு மீட்டர். 10 ஆம்பியர் போகும்போது 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். நெடுஞ்சாலையில் 13.8 இருந்தால் ரேடியோவுக்கு 12.4 போய்ச் சேரும், சமாளிக்கும். ஐட்லிங்கில் 12.6 என்றால் 11.2 தான் போகும். பேசும் பட்டனை அமுக்கியதும் ரேடியோ அணைந்து அணைந்து எரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். வயருக்கான விலை வித்தியாசம் ஒரு வேளை நாசி கண்டார் செலவு.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ரேடியோ பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உரசி எர்த் ஆகும் வயரை எதுவும் காப்பாற்றாது. நெகட்டிவையும் பேட்டரி வரைக்கும் கொண்டுபோங்கள். பழைய வண்டியின் ஃப்ரேம் எர்த் பெயிண்டும் துருவும் கடந்து வருவது.

சாவி போட்டால் மட்டும் ரேடியோவுக்குக் கரண்ட் போக ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். அலாரம், கடிகாரம், அணைக்க மறந்த சின்னப் பொருள் ஏதோ ஒன்று 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் மணி போய்விடும். 20 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதி காலி. மாதம் ஒருமுறை ஓட்டும் பெரிய வண்டிகள் காலையில் உயிர் இல்லாமல் கிடப்பதற்குப் பாதி காரணம் இதுதான்.

வண்டியோடு வந்த ரேடியோ

ஜப்பானிலிருந்து வரும் பழைய கார், அதாவது ரீகோன் கார் வாங்கியவர்களுக்கு இது தெரிந்த கதை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய ரேடியோக்கள் எஃப்எம்மில் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் 96.3, ராகா 99.3. இரண்டுமே எட்டாது. ஆண்டெனா வயரின் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை வைப்பார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகையாக இருந்தால் மின்னல் 76.3இலும் ராகா 79.3இலும் கேட்கும். அமெரிக்கச் சந்தைக்கு வந்த ரேடியோவில் இந்தத் தொல்லை இல்லை. அது ஒன்று விட்டு ஒன்றாக, புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்களில் மட்டும் தாவும். நம் இரண்டு நிலையமும் ஒற்றைப்படை.

கேசட் பகுதியைச் சரி செய்யப் பணம் செலவழிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தார் போலக் கரைந்திருக்கும். கோல்ட் விங்கில் ஹெல்மெட்டுக்குப் போகும் அந்த ஐந்து ஊசி வட்டக் கனெக்டர் ஜிஎல்1200 முதல் ஜிஎல்1800 வரை ஒன்றுதான் என்பதால் அதில் மாட்டும் புளூடூத் கருவிகள் கிடைக்கின்றன. அதுவே எளிய மேம்பாடு.

பேசுவதற்கு எது

நாலைந்து பேர், ஒருவர் பின் ஒருவராகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் போகிறீர்கள் என்றால் ஹெல்மெட்டில் ஒட்டும் புளூடூத் இன்டர்காம் போதும். அதற்கு வண்டியின் கரண்டே வேண்டாம். கூட்டம் நீண்டு, நடுவில் லோரிகள் புகுந்து, மலை வளைவு வந்தால் அது கைவிடும்.

அடுத்த படி, 477 மெகாஹெர்ட்ஸ் அருகே தனிநபர் வானொலிக்கு என ஒதுக்கிய சேனல்களில் பேசும் வாக்கி டாக்கி. தனி உரிமம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் கருவி, மலேசியாவில் தரச்சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் எல்லா அலைவரிசையும் திறந்த கருவிகளை வாங்கி, காலியாகத் தெரியும் ஏதோ ஒரு எண்ணில் பேசுவது 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி குற்றம். அந்தக் காலி எண் ஆம்புலன்ஸ்காரர்களுடையதாக இருக்கலாம்.

அமெரிக்க கோல்ட் விங்கில் பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவும் வந்திருக்கும், 27 மெகாஹெர்ட்ஸ், 40 சேனல். அங்கே லோரி ஓட்டுநர்கள் பேசுவார்கள். இங்கே அதில் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டும். கழற்றிப் பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும்போது சேகரிப்பாளர்கள் கேட்பார்கள்.

தூரம் வேண்டுமென்றால் அமெச்சூர் வானொலிதான், பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களுக்கென ஒதுக்கியது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி உரிமம் எடுக்க வேண்டும். தீபகற்பத்தில் பி வகுப்புக்காரரின் அழைப்புக்குறி 9டபிள்யூ2 என்று தொடங்கும், ஏ வகுப்பு 9எம்2. மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கமான மார்ட்ஸ் 1952இலிருந்து இருக்கிறது. 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசையில், மலை உச்சியில் இருக்கும் ரிபீட்டர் வழியாகப் பேசலாம். நீங்கள் பேசுவதை ரிபீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திரும்பச் சொல்லும். கையிலுள்ள 5 வாட் கருவியால் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேச முடிவது அதனால்தான்.

எத்தனை வாட் வேண்டும்? 50 வாட் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபெல். கேட்பவரின் ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் ஒரு கோடு (எஸ் அளவு) 6 டெசிபெல் என்பதால் இரண்டு கோடுகூட ஏறாது. கரண்ட் செலவோ 2 ஆம்பியரிலிருந்து 10க்குத் தாவுகிறது. அதோடு பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் பக்கத்தில் 50 வாட் ஆண்டெனா இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 10, 20 வாட் ரேடியோ, நல்ல ஆண்டெனா: என் ஓட்டு அதற்குத்தான்.

ஆண்டெனா

300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 145க்கு ஏறக்குறைய 2.07 மீட்டர், அதில் கால் பங்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகம். 477க்குக் கால் பங்கு 16 சென்டிமீட்டர். சிபி ரேடியோவின் 27க்குக் கால் பங்கு ஏறக்குறைய 2.8 மீட்டர், பைக்கில் அதன் குச்சி சுருளோடு குட்டையாகத்தான் வர முடியும், ஆகவே திறனும் குட்டை.

கால் அலை ஆண்டெனா பாதி ஆண்டெனாதான். மறுபாதியாக அதன் அடியில் உலோகப் பரப்பு வேண்டும். காருக்குக் கூரை இருக்கிறது. டூரிங் பைக்கின் பின் பெட்டி பிளாஸ்டிக். அதில் குச்சியை நட்டால் அடியில் ஒன்றுமில்லை. கிளாங் போய்வருவதற்குள் "உங்கள் குரல் கேட்கவில்லை" என்று பத்து முறை கேட்பீர்கள். இரண்டு வழி உண்டு. ஆண்டெனாவின் அடிப்பாகத்தைத் தட்டையான செப்புப் பட்டையால் ஃப்ரேமோடு இணைப்பது ஒன்று. அடிப்பரப்பே தேவைப்படாத அரை அலை ஆண்டெனா வாங்குவது இன்னொன்று. இரண்டு மீட்டருக்கு அது ஒரு மீட்டர் உயரம் வரும், ஆனால் பைக்குக்கு அதுவே தோது.

மாட்டிய பிறகு, ஆண்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் கடன் வாங்கிப் பாருங்கள். 1.5 என்றால் அனுப்பிய சக்தியில் நூற்றுக்கு 4 திரும்பி வருகிறது, கவலை வேண்டாம். 2 என்றால் 11, இன்னும் பரவாயில்லை. 3 என்றால் 25. பேசுவதை நிறுத்திவிட்டு எர்த்தையும் கனெக்டரையும் பாருங்கள்.

இரைச்சல் எங்கிருந்து

ஓர் எளிய சோதனை. வண்டி ஓடிக்கொண்டிருக்க, ரேடியோவைக் கேட்கும் நிலையில் வைத்து ஆண்டெனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது ஆண்டெனா வழியாக வந்தது. நிற்காவிட்டால் கரண்ட் வயர் வழியாகவோ ஹெட்செட் வயர் வழியாகவோ. ஆண்டெனா இல்லாதபோது பேசும் பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள், ரேடியோ கெட்டுப்போகும்.

எஞ்சினை முறுக்க முறுக்க ஏறும் "ஊய்ய்" சத்தம் ஆல்டர்னேட்டர். ஹெட்செட்டின் எர்த் ஓரிடத்திலும் ரேடியோவின் எர்த் வேறிடத்திலும் இருந்தால் இது வரும். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். "டிக் டிக்" என்று எஞ்சினோடு சேர்ந்து அடிப்பது இக்னிஷன். பிளக்கின் எண்ணில் ஆர் எழுத்து இருக்கிறதா பாருங்கள், என்ஜிகே டிபிஆர்7இஏ என்பது போல. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. எஞ்சின் வேகம் மாறினாலும் மாறாமல் சீறிக்கொண்டே இருந்தால் மலிவான எல்இடி விளக்கோ யுஎஸ்பி சார்ஜரோதான். அவற்றுக்குள் இருக்கும் கரண்ட் மாற்றி ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் போலக் கத்தும், இரண்டு மீட்டர் அலைவரிசையில் தூரத்து நிலையங்களை அப்படியே மூடிவிடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வார். அதன் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினால் கொஞ்சம் அடங்கும். தரமான விளக்குக்கு மாறினால் முழுக்க அடங்கும்.

மழை

கோலாலம்பூரில் மாலை நாலு மணி மழை வண்டிக்காரரைக் கேட்டுவிட்டு வராது. ரேடியோவின் உடலைச் சீட்டுக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ வைத்து முகப்பை மட்டும் ஹேண்டிலில் பொருத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலிலிருந்தும் அது தப்பிக்கும். பேசும் பட்டன் இடது கைப்பிடியில், கட்டை விரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓட்டும்போது வேறு எதையும் தொட வேண்டிய அவசியம் வரக் கூடாது.

ஆண்டெனா கேபிளுக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளிருக்கும் உலோகப் பின்னலின் வழியே உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது, கேபிளையே மாற்ற வேண்டியதுதான். வெளியே இருக்கும் கனெக்டரை இழுத்தால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் அதற்குக் கீழே உள்ளதன் மேல் கூரை ஓடு போல ஏறி நிற்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. கரண்ட் கனெக்டர்களில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும், வண்டியை ஐட்லிங்கில் விட்டு, விசிறி ஓடும்போது, பேசும் பட்டனை அமுக்கிக்கொண்டு ரேடியோவின் பின்புறத்தில் வோல்ட்டை அளந்து, சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அந்த எண்ணையும் எழுதிவிடுங்கள்.